சளி செட்டும் சுவரில் தொங்கும் உன் போட்டோவும்

மகனே,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கிற மனநிலையில் நான் இல்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்து வண்டி லோன் விற்கிறவனுக்கு என்ன குறை? போன வாரம் நீ போனில் சொன்ன வேலையில் பாதியைச் செய்துவிட்டேன். திருத்தங்கல் மெடிக்கலுக்குப் போய், அங்கே சுவரில் மாட்டியிருந்த உன் பார்மசிஸ்ட் சர்டிபிகேட்டைக் கழற்றி வாங்கி வந்துவிட்டேன். அதைக் கொண்டுபோய் விருதுநகர் கடைக்காரர் கையில் கொடுக்கச் சொன்னாயே, அந்த மீதிப் பாதியைச் செய்யவில்லை. செய்யவும் மாட்டேன். "ஏம்மா இப்படிப் பண்ற, அவரு சர்டிபிகேட்டுக்கு மாச வாடகையக் கூட்டித் தாரேன்னு சொல்றாரும்மா" என்று நேற்றுக் கத்தினாய். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மேனேஜர் கூப்பிடுகிறார் என்று வைத்துவிட்டாய். போனில் உன்னிடம் எதையும் முழுசாகச் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். இதை நம் தெருவில் நாலு பேர் படித்தாலும் எனக்குக் கவலை இல்லை. உன்னைப் போலச் சர்டிபிகேட்டைச் சுவரில் தொங்கவிட்டுவிட்டு வேறு ஊரில் வேறு வேலை பார்க்கிற பிள்ளைகள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களைப் பெற்றவர்களும் படிக்கட்டும்.

நீ மருந்துக்குப் படித்தபோது நம் வீடு எப்படி இருந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? சாயங்காலம் நான் பட்டாசுக் கம்பெனி வேனில் இறங்கி வந்து, கையில் ஒட்டின வெடிப்பொடியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பேன். நீ வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தபடியே மனப்பாடம் செய்வாய். குளோர்பெனிரமின், பினைலெப்ரின், டெக்ஸ்ட்ரோமெத்தார்பன். எனக்கு ஏதோ மந்திரம் மாதிரிக் கேட்கும். "இதெல்லாம் என்னலே?" என்று கேட்டால் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எனக்குப் பாடம் எடுப்பாய். "எம்மா, சளியக் குணமாக்க மருந்தே கிடையாதும்மா. அதுவா வரும், அதுவா போகும். இதெல்லாம் அது போற வரைக்கும் சமாளிக்கிறதுக்குத்தான். ஒண்ணு காய்ச்சலையும் வலியையும் இறக்கும். ஒண்ணு மூக்கு ஒழுகுறத நிறுத்தும், கூடவே தூக்கத்தையும் கொண்டாரும். இன்னொண்ணு மூக்கடைப்புக்குன்னு போட்டிருப்பான், வாய் வழியாச் சாப்பிட்டா அது பெருசா ஒண்ணும் கேக்காது." ஒரு இருமல் டானிக்கின் அட்டையைக் காட்டி நீ சிரித்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அதில் இருமலை அடக்குகிற மருந்தும் இருந்தது, சளியை இளக்கி இருமி வெளியே தள்ள வைக்கிற மருந்தும் இருந்தது. "ஒருத்தன் கதவத் தெறக்கான், இன்னொருத்தன் பூட்டுதான், ரெண்டு பேருக்கும் சம்பளம் நம்ம குடுக்கணும்" என்றாய். அன்றைக்கு உன் அப்பா அப்படிச் சிரித்தார்.

சாத்தூரில் இருந்து உன் அத்தை சளியோடு வந்திருந்தாளே, அதையும் மறந்திருக்க மாட்டாய். அவள் பையில் இரண்டு அட்டை மாத்திரை வைத்திருந்தாள், ஒன்று தலைவலிக்கு, ஒன்று சளிக்கு. இரண்டையும் ஒன்றாகப் போட்டு வாயருகே கொண்டுபோனவளின் கையைப் பிடித்துவிட்டாய். அட்டையைத் திருப்பி, பொடி எழுத்தில் இருந்ததை விரல் வைத்துக் காட்டினாய். "அத்தை, ரெண்டுலயும் உள்ள இருக்கது பாராசிட்டமால்தான். பேருதான் வேற வேற. முன்பக்கத்துல இருக்கது கம்பெனிக்காரன் வச்ச பேரு. பின்பக்கத்துல இருக்கதுதான் மருந்து." அவள் உன் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். எனக்கு அன்றைக்குப் பெருமை தாங்கவில்லை. தெரியாதவன் தப்புச் செய்தால் பரிதாபப்படலாம். எல்லாம் தெரிந்த நீ செய்ததை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

படித்து முடித்ததும் திருத்தங்கல் கடைக்காரர் ஆப்பிள் பையோடு வந்தார். "தம்பி வரவே வேண்டாம்க்கா. பேரும் சர்டிபிகேட்டும் மட்டும் இருந்தாப் போதும். ஊர்ல அம்புட்டு கடையும் இப்படித்தான ஓடுது" என்றார். நீ வெள்ளைக் கோட்டுப் போட்டு எடுத்த போட்டோவோடு சர்டிபிகேட்டைச் சட்டம் போட்டுக் கொடுத்துவிட்டுச் சென்னைக்கு ரயிலேறினாய். வெளிநாட்டில் இருக்கிறவன் வீட்டை வாடகைக்கு விடுவது போல அது எனக்கு அப்போது பட்டது. வேனில் அந்த வழியாகப் போகும்போது ஜன்னல் வழியே கடையைக் காட்டுவேன். எங்கள் செக்ஷன் பெண்கள் "யக்கா, உங்க மகன் கடை" என்பார்கள். இல்லை, அவன் போட்டோ மட்டும்தான் அங்கே இருக்கிறது என்று நான் திருத்தியதில்லை. பெற்றவள் வாய் அப்படித் திருத்துமா? அதற்குப் பிறகு எவளுக்கு மூக்கு ஒழுகினாலும், "யக்கா மகன் கடையில ஒரு சளி செட்டு வாங்கிருவோம்" என்று அங்கேதான் வேனை நிறுத்தினார்கள்.

சளி செட்டு என்றால் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். உன் பேரில் நடக்கிற வியாபாரத்தை நீ ஒருநாளும் பார்த்ததில்லையே. சளி, காய்ச்சல், இருமல் என்று வாயால் சொன்னால் போதும். கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் கடைக்காரர் நிற்பார், கன்னத்தில் புகையிலை அதக்கியிருப்பார். கத்தரிக்கோலை எடுத்து ஒவ்வொரு அட்டையில் இருந்தும் ஒவ்வொரு மாத்திரையாக நறுக்குவார். மஞ்சளில் ஒன்று, பெரிய வெள்ளையில் ஒன்று, ரோஸில் ஒன்று, குன்றிமணி போல ஒரு சின்ன வெள்ளை. பேர் இருக்கிற பக்கம் ஒருத்திக்கும் வராது, எங்கோ போய்விடும். சில மாத்திரைகள் டப்பாவில் உதிரியாகவே கிடக்கும். மூக்கைத் துடைத்த அதே விரலால் அள்ளிப் போடுவார். எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் மடித்து, "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, கேக்கலைன்னா மத்தியானமும் ஒண்ணு போடுங்க" என்பார். எத்தனை நாளைக்கு என்று கேட்கிறவள் கிடையாது. என்ன மாத்திரை என்று கேட்கிறவளும் கிடையாது. அவருக்குப் பின்னால் சுவரில் நீ வெள்ளைக் கோட்டோடு சிரித்துக்கொண்டிருப்பாய். சீ, எழுதும்போதே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

சீசனில் எங்களுக்குச் சளி பிடித்தால் அது உங்கள் ஆபீஸ் சளி மாதிரி இருக்காது. மூக்கைச் சிந்தினால் சாம்பல் நிறத்தில் வரும், அதில் அலுமினியப் பொடி மினுமினுக்கும். இருமித் துப்பினால் சில நாள் பச்சையாக, சில நாள் கறுப்பாக இருக்கும். முந்தானையில் துடைத்துத் துடைத்து முந்தானை விறைத்துப்போகும். வீட்டில் படுக்கலாம் என்றால் செய்கிற பீஸுக்குத்தான் கூலி, தீபாவளி ஆர்டர் வேறு கழுத்தில் நிற்கும். அதனால் செட்டுப் போட்டுக்கொண்டு வருவார்கள். செட்டுப் போட்டால் மூக்கு நிற்கும், காய்ச்சல் இறங்கும், ஆனால் கண் சொருகும். டிவி விளம்பரத்தில் ஒருத்தன் மாத்திரை போட்டதும் கோட்டை மாட்டிக்கொண்டு சிரித்தபடி ஆபீசுக்குப் போகிறான். அவன் வெடிமருந்தை மடியில் வைத்துக்கொண்டு உட்காரப் போகவில்லையே.

பேச்சியம்மாளை உனக்குத் தெரியும். நம் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறவள். நீ பள்ளிக்கூடம் போகும்போது உனக்குச் சேவு வாங்கிக் கொடுப்பாள். அவள் திரி செருகுகிற அறையில் வேலை பார்க்கிறாள். நான் பண்டல் கட்டுகிற இடம் அதற்கு எதிர்ப்பக்கம். இந்த ஆடி மாதம் அவளுக்குச் சளி பிடித்து விடவே இல்லை. செட்டு மேல் செட்டாக வாங்கிப் போட்டாள். ஒருநாள் சாப்பாட்டுக்கு முன்னால் அந்த அறையில் இருந்து போர்மேன் கத்தின சத்தம் எங்கள் பக்கம் வரைக்கும் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், பேச்சியம்மாள் உட்கார்ந்த வாக்கில் முன்னால் சரிந்து, திரி செருகின வெடித் தட்டின் மேலேயே முகம் கவிழ்ந்து தூங்கிக்கொண்டிருக்கிறாள். "ஏ மூதி, தட்டத் தட்டிவிட்டு எல்லாத்தையும் கொல்லப் பாக்கியா?" என்று போர்மேன் திட்டிக்கொண்டிருந்தார். ஒரு உரசல் போதும் அந்த அறைக்கு, அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவளை வெளியே வேப்ப மரத்தடிக்குக் கூட்டிவந்து முகத்தைக் கழுவிவிட்டேன். "யக்கா, மாத்திர போட்டா அசத்துது, போடலைன்னா உக்கார முடியல, நான் என்னதான் செய்ய?" என்றாள். நீ மனப்பாடம் செய்த முதல் பேர், அந்தக் குளோர்பெனிரமின், எனக்கு அப்போதே நெஞ்சில் இடித்தது. மூக்கை நிறுத்தும், தூக்கத்தைக் கொண்டுவரும் என்றாயே, அதுதான் அந்தத் தட்டின் மேல் கவிழ்ந்து கிடந்தது.

அதோடு அவள் நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடிக்கு நடந்து வருவதாக அம்மனுக்கு நேர்ந்திருந்தாள். அதற்காக விரதம், ஒருவேளைச் சாப்பாடு. அதுவும் பாதி நாள் மோரோடு சரி. உடம்பு அனலாகக் கொதிக்கிறது. நடையை விட மனமில்லை. உன் கடையில் வாங்கின செட்டைக் காலையிலும் மத்தியானமும் போடுவாள். கம்பெனி முதலுதவிப் பெட்டியில் இருந்து காய்ச்சல் மாத்திரை தனியாக. படுக்கப் போகும் முன்னால் வெந்நீரில் கரைத்துக் குடிக்கிற எலுமிச்சை வாசனைப் பொடி, அதுவும் உன் கடைதான். "பொடிதானக்கா, அது மாத்திர இல்லையே" என்று என்னிடமே சொன்னாள். இப்படி அரைப் பட்டினியில் மருந்தையே ஆகாரமாகத் தின்றுவிட்டு, மஞ்சள் சேலை கட்டி, தகிக்கிற தார் ரோட்டில் இருக்கன்குடிக்கு நடந்து போய்த் திரும்பினாள்.

வந்த மறுநாளில் இருந்து வாந்தி. சளி இறங்குகிறது என்று நினைத்து இன்னொரு செட்டுப் போட்டாள். அதையும் வாந்தி எடுத்தாள். பிறகு கண் மஞ்சளாகிவிட்டது. என்னைப் பார்த்து, என் பேருக்குப் பதிலாக அவளுடைய செத்துப்போன தங்கச்சி பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவள் புருஷனும் நானுமாக அவளை ஆட்டோவில் போட்டு விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் என் மடியில் கசப்புத் தண்ணீராகக் கக்கிக்கொண்டே வந்தாள். அந்த நாற்றம் பல நாள் என் மூக்கைவிட்டுப் போகவில்லை.

அங்கே ஒரு டாக்டரம்மா. உன் வயதுதான் இருக்கும். "என்ன மாத்திரை சாப்பிட்டாங்க? பேர் சொல்லுங்க" என்றார். நான் பேச்சியம்மாளின் இடுப்புப் பையில் இருந்த பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். டாக்டரம்மா பிரித்தார். உள்ளே பேர் இல்லாத மாத்திரைகள். மடித்திருந்த காகிதம் நம் ஊர் அச்சாபீசில் கழித்துப் போட்ட பட்டாசு லேபிள். ஒரு புஸ்வாணம் படம், அதன் கீழே "பெரியவர்கள் மேற்பார்வையில் கொளுத்தவும்" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. டாக்டரம்மா அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "இதுல எதைன்னும்மா நான் படிக்கிறது?" என்று கேட்டார். கொளுத்திப் போடுகிற பட்டாசுக்குப் பேரும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு. வயிற்றுக்குள் போடுகிற மருந்துக்கு ஒன்றும் கிடையாது. எனக்கு அந்த இடத்திலேயே தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போல இருந்தது. "எந்தக் கடைன்னாவது தெரியுமா? அங்க பார்மசிஸ்ட் யாரு? அவரக் கேட்டு உடனே சொல்லுங்க. கல்லீரல் கெட்டுக்கிட்டு இருக்கு, நேரம் இல்ல" என்றார்.

அப்போதுதான் வராந்தாவுக்கு வந்து உனக்குப் போன் போட்டேன். நான் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும்: "ஏலே, பேச்சியம்மா சாகக் கெடக்காடா. உன் கடை செட்டுல என்னென்ன இருக்குன்னு டாக்டரு கேக்காக. சீக்கிரம் சொல்லு." நீ என்ன சொன்னாய்? அவளுக்கு என்ன ஆச்சு என்று நீ கேட்கவில்லை. உயிர் இருக்கிறதா என்று கேட்கவில்லை. உனக்குச் சேவு வாங்கிக் கொடுத்தவள் பேரைக் கேட்டும் உன் வாயில் முதலில் வந்தது, "எம்மா, அங்கன எம் பேரு ஏதும் வந்துச்சா?" என்பதுதான். அப்புறம், "அவரு என்னத்தப் போட்டுக் குடுத்தாரோ, எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் அங்க இல்லையே. எம் பேர மட்டும் சொல்லிராத" என்றாய். நான் உன்னைப் பெற்றவள். நீ குழந்தையாக இருந்தபோது உன் மூக்குச் சளியை என் கையால் வழித்துப் போட்டிருக்கிறேன், ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அன்றைக்கு உன் குரலைக் கேட்டு எனக்குக் குமட்டியது. போனைக் காதில் இருந்து எடுத்து முந்தானையால் துடைத்தேன்.

நேரே உள்ளே போய் உன் பேரைச் சொல்லிவிட்டேன். இனிஷியலோடு சொன்னேன். "அந்தக் கடை பார்மசிஸ்ட் என் மகன்தான். அவன் கடையில நிக்கிறது கிடையாது. சுவத்துல சர்டிபிகேட் மட்டும் நிக்குது" என்றேன். டாக்டரம்மா அதைக் கேஸ் சீட்டில் எழுதிக்கொண்டார். நீ எதைச் சொல்லாதே என்றாயோ அதைத்தான் முதலில் சொன்னேன். அதற்காக என்னோடு சண்டை போடுவதானால் நேரில் வந்து போடு.

பிறகு பேச்சியம்மாள் புருஷனை அங்கே உட்காரவைத்துவிட்டு பஸ் பிடித்துத் திருத்தங்கலுக்குப் போனேன். "வாங்கக்கா, என்ன இங்கன தனியா வந்திருக்கீக? தம்பி நல்லாருக்காரா?" என்று கடைக்காரர் சிரித்தார். விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு போய்விட்டது. "ஊரே திங்கிற செட்டுக்கா அது. அவுக ஒருத்தருக்கு மட்டும் என்ன?" என்றார். எந்த எந்த மாத்திரை என்று கேட்டால், "மஞ்சள் சளிக்கு, வெள்ள காய்ச்சலுக்கு, ரோஸு அரிப்புக்கு, சின்னது சும்மா ஒரு தெம்புக்கு" என்கிறார். கலர்தான் அவருக்குத் தெரிகிறது. உள்ளே இருக்கும் மருந்து என்ன என்று அவருக்கும் தெரியாது. தெரிந்த நீயோ அவர் தலைக்கு மேலே போட்டோவில் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறாய். எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்தரிக்கோலைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொன்றிலும் பேர் இருக்கிற முழு அட்டையாக எடுத்துத் தரச் சொன்னேன். அந்த எலுமிச்சைப் பொடிப் பாக்கெட்டையும் வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினேன்.

டாக்டரம்மா அட்டைகளைத் திருப்பிப் படித்தார். அன்றைக்கு அத்தைக்கு நீ விரல் வைத்துக் காட்டினாயே, அதே பின்பக்கம்தான். மஞ்சளில் பாராசிட்டமால், கூடவே தூங்கவைக்கிற மருந்து. வெள்ளையில் பாராசிட்டமால். பொடியில் பாராசிட்டமால். கம்பெனிப் பெட்டியில் எடுத்ததும் பாராசிட்டமால். ரோஸ் மாத்திரை மூக்கொழுகலுக்கு, அதிலும் தூக்கம் உண்டு. தெம்புக்கு என்று கொடுத்த அந்தக் குன்றிமணி ஸ்டீராய்டாம், சீட்டு இல்லாமல் விற்கவே கூடாதாம். "ஒரே மருந்தை நாலு வழியா உள்ள விட்டிருக்காங்க, அதுவும் பட்டினி வயித்துல, இத்தனை நாளா. அளவாப் போட்டா நல்ல மருந்துதாம்மா இது" என்றார். உடனே அதை முறிக்கிற மருந்தை டிரிப்பில் ஏற்ற ஆரம்பித்தார்கள். முந்தியே வந்திருந்தால் இவ்வளவு பாடு இல்லை என்றார். அவள் கண்ணில் வெள்ளை திரும்புகிற வரைக்கும் நானும் அவள் புருஷனும் அந்த வராந்தாவில் மாறி மாறிக் கிடந்தோம். நீ ஒருதரம் போன் செய்தாய். ஆஸ்பத்திரியில் இருந்து கடைக்கு ஆள் வந்ததா என்று கேட்கத்தான் செய்தாய்.

அவள் பிழைத்துவிட்டாள் என்று தெரிந்த பிறகுதான் நீ எனக்கு இந்தச் சர்டிபிகேட் வேலையைக் கொடுத்தாய். "திருத்தங்கல்ல பேரு கெட்டுப்போச்சும்மா. எடுத்து விருதுநகர்ல குடுத்துருவோம்." இதைச் சொல்லும்போது உன் நாக்குக் கூசவில்லையா? கெட்டுப்போன மீனை ஒரு தெருவில் விற்க முடியாவிட்டால் அடுத்த தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போகிறவன் மாதிரி அல்லவா பேசினாய்? அந்த விருதுநகர்க்காரர் நம் வீட்டுக்கே வந்துவிட்டார். "அம்மா, கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல. நல்ல ஓட்டம். சளி செட்டே ஒரு நாளைக்கு எம்புட்டுப் போகும்ங்கிறீக!" என்று பெருமையாகச் சொன்னார். சர்டிபிகேட் பீரோவுக்குள் இருந்தது. உன் அப்பா கட்டிலில் உட்கார்ந்தபடி, "குடுத்து அனுப்புடி, நம்ம குடுக்காட்டி வேற எவனாவது குடுப்பான்" என்றார். வேற எவனாவது கொடுக்கட்டும். அவனைப் பெற்றவள் கேட்டுக்கொள்வாள். நான் வந்தவருக்குக் காபி கொடுத்து வெறுங்கையோடு அனுப்பினேன்.

உனக்கு நான் புத்தி சொல்லவில்லை. நீ படித்தவன். சுவரில் உன் போட்டோ எதற்கு என்று உனக்குத் தெரியும். இங்கே ஒருத்தன் இருக்கிறான், அவன் பின்பக்கத்தைப் படிப்பான், ஒரே மருந்து இரண்டு தரம் போனால் கையைப் பிடிப்பான், வெடி அறைக்குப் போகிறவளிடம் இதைப் போட்டால் தூக்கம் வரும் தாயி என்று சொல்லுவான், சும்மா சளிக்கு ஒன்றும் வேண்டாம், நாலு நாளில் போய்விடும் என்று சொல்லி வெறுங்கையோடுகூட அனுப்புவான் என்று அந்தப் போட்டோ ஊருக்குச் சொல்கிறது. நீ அங்கே நின்றிருந்தால் இதையெல்லாம் செய்திருப்பாய். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் இவ்வளவு ஆத்திரம் வருகிறது. கடையில் நிற்க உனக்கு இஷ்டமில்லை, லோன் விற்பதுதான் பிடித்திருக்கிறது என்றால் தாராளமாக விற்றுக்கொள், அதில் ஒரு கேவலமும் இல்லை. அப்படியானால் அந்தச் சர்டிபிகேட் பீரோவிலேயே கிடக்கட்டும், பூச்சி அரிக்கட்டும். நீ இல்லாத இடத்தில் நீ இருப்பதாகச் சொல்லி அது நிற்கக் கூடாது.

இந்தக் கடிதத்தை எழுத உட்காரும் முன்னால் பேச்சியம்மாளைப் பார்த்துவிட்டு வந்தேன். பாதி உடம்பாகிவிட்டாள். இடுப்பில் சேலை நிற்கவில்லை. வெடி அறைக்குப் போகவே பயமாக இருக்கிறதாம், போகாமலும் முடியாதாம். கஞ்சி குடித்துக்கொண்டே என் கையைப் பிடித்தாள். "யக்கா, தம்பிய நெனச்சாத்தான் எனக்கு கண்ணு கலங்குது. அவரு மட்டும் போன்ல மருந்துப் பேரு அம்புட்டையும் டாக்டருக்குச் சொல்லலைன்னா நான் இந்நேரம் மண்ணுக்குள்ள போயிருப்பேன்" என்றாள். நான் வராந்தாவில் நின்று உன்னோடு பேசியதை அவள் புருஷன் தூரத்தில் இருந்து பார்த்திருக்கிறான். அவனாக அப்படி நினைத்துக்கொண்டு அவளிடம் சொல்லியிருக்கிறான். "அப்படி இல்லடி, அவன் ஒண்ணும் சொல்லல. அவன் கடையில நின்னதே இல்ல" என்று சொல்லிவிட்டேன். அவள் நம்பவில்லை. "சும்மா இருங்கக்கா. பெத்த பிள்ளையப் பாராட்டினா கண்ணு பட்டுரும்னு நீங்க இப்படித்தான் பேசுவீக" என்று சிரித்து என் வாயை அடைத்துவிட்டாள். அவளுடைய மகள் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறாள் இல்லையா, அந்தப் பிள்ளையை மருந்துக்குப் படிக்கவைக்கப் போகிறாளாம். அவளும் உன்னை மாதிரி வர வேண்டுமாம். எந்தக் காலேஜ் நல்லது என்று உன்னிடம் கேட்டுச் சொல்லச் சொன்னாள்.

நான் சொன்னால் எடுபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி வா. அவள் முன்னால் உட்கார்ந்து, அன்றைக்குப் போனில் நீ என்னிடம் என்ன சொன்னாயோ அதை ஒரு வார்த்தை குறையாமல் அந்தப் பிள்ளை கேட்கும்படி நீயே சொல். சொல்லிவிட்டு வந்து எந்தச் சுவரைக் காட்டினாலும் சரி, அந்தச் சர்டிபிகேட்டை நானே ஆணி அடித்து மாட்டுகிறேன்.

உன் அம்மா